கரண்ட் போனாலும் வேலை போகாமல்: ஹைபர்னேட் பற்றிக் கேட்டவையும் பதில்களும்

மாரி தொடங்கினால் திருகோணமலையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். கூடவே ஹைபர்னேட் (திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுக் கொம்பியூட்டர் முழுதாக அணைவது) பற்றிய கேள்விகளும் வந்துவிடும். இந்த முறை வந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். தொடங்க முதல் ஒரு வேண்டுகோள்: "தூங்க மாட்டேன் என்கிறது", "தானாக எழும்புகிறது" என்றவுடன் விண்டோஸைத் திரும்பப் போடுவதற்குக் கொம்பியூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். காரணத்தை அதனிடமே கேட்கலாம். பெரும்பாலும் சொல்லிவிடும்.

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, விண்டோஸ் 11 போட்ட பிறகு பவர் மெனுவில் ஹைபர்னேட்டைக் காணவில்லை. எடுத்துவிட்டார்களா?

எடுக்கவில்லை தம்பி, ஒளித்து வைத்திருக்கிறார்கள். கண்ட்ரோல் பேனலில் பவர் ஒப்ஷன்ஸ் திறந்து, இடப்பக்கம் "சூஸ் வட் த பவர் பட்டன்ஸ் டூ" என்பதை அழுத்துங்கள். மேலே "சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரண்ட்லி அன்அவைலபிள்" என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால்தான் கீழே மங்கலாகக் கிடக்கும் கட்டங்கள் உயிர் பெறும். ஹைபர்னேட்டுக்குச் சரி போட்டு சேவ் பண்ணுங்கள்.

அங்கேயும் ஹைபர்னேட் இல்லையென்றால், கொமாண்ட் ப்ரொம்ப்ட்டை (கட்டளை எழுதும் ஜன்னல்) "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திறவுங்கள். ஆங்கிலத்தில் பவர் என்று எழுதி, இடைவெளி விடாமல் சி, எஃப், ஜி மூன்றையும் சேருங்கள். பிறகு ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு (/), ஏ. என்டர். உங்கள் கொம்பியூட்டருக்கு எந்தெந்தத் தூக்கம் முடியும், எது முடியாது, ஏன் முடியாது என்று அது பட்டியல் போடும். ஹைபர்னேஷன் இயக்கப்படவில்லை என்று வந்தால், ஏ இருந்த இடத்தில் எச் போட்டு, இடைவெளி விட்டு ஒன் (on) என்று எழுதுங்கள். அவ்வளவுதான். இனி இந்தக் கட்டளையைப் பவர்சிஎஃப்ஜி என்றே சொல்லப்போகிறேன்.

உவர்மலை, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்: தம்பி, எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டு ஸ்லீப் போட்டுவிட்டுச் சமைக்கப் போனேன். கரண்ட் போய் வந்தது. திறந்து பார்த்தால் எதுவுமே இல்லை. ஸ்லீப் போட்டால் பாதுகாப்பு என்றுதானே சொன்னார்கள்?

லப்டொப்புக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள், ரீச்சர். ஸ்லீப்பில் நீங்கள் திறந்து வைத்ததெல்லாம் ரேமில், அதாவது கொம்பியூட்டரின் தற்காலிக நினைவகத்தில், நிற்கிறது. ரேமுக்குக் கொஞ்சமாவது கரண்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். லப்டொப்பில் பற்றரி கொடுக்கும், டெஸ்க்டொப்பில் கொடுக்க ஆள் இல்லை. ஹைபர்னேட் என்றால் அதே விஷயங்களை டிஸ்க்கில் ஒரு பெரிய கோப்பாக எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். கரண்ட் இல்லாமல் எத்தனை நாள் கிடந்தாலும் அது அழியாது. நம் ஊர் டெஸ்க்டொப்புக்கு ஹைபர்னேட்தான் பொருத்தம் என்பது என் முடிவு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போது ஸ்லீப்பை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஸ்லீப்தான் வசதி என்றால் பவர் ஒப்ஷன்ஸின் அட்வான்ஸ்ட் பகுதியில் "அலவ் ஹைபிரிட் ஸ்லீப்" இருக்கிறதா பாருங்கள். அது ரேமிலும் வைத்திருக்கும், டிஸ்க்கிலும் ஒரு பிரதி எழுதும். கரண்ட் போகாவிட்டால் உடனே எழும்பும். போனால் டிஸ்க்கிலிருந்து மீட்கும். சில கொம்பியூட்டர்களில் இது இருக்காது.

இன்னொன்று. உங்களிடம் யூபிஎஸ் இருந்தால் அதன் பின்னால் யூஎஸ்பி வாய் இருக்கிறதா பாருங்கள். அதற்கான கேபிளைப் பலர் பெட்டியோடு அலுமாரிக்கு மேலே போட்டுவிடுகிறார்கள். அதைக் கொம்பியூட்டரில் செருகினால் பல மொடல்களில் விண்டோஸ் யூபிஎஸ்ஸை ஒரு பற்றரியாகவே காணும். பிறகு "கிரிட்டிகல் பற்றரி அக்ஷன்" என்பதை ஹைபர்னேட் என்று வைத்துவிட்டு நீங்கள் கறியைக் கவனிக்கலாம். யூபிஎஸ் இறங்க இறங்க அதுவாக எழுதி அணைந்துகொள்ளும்.

கிண்ணியாவிலிருந்து ஒரு நானா: தம்பி, இரவு ஸ்லீப் போட்டுவிட்டுப் படுக்கிறேன். சுபஹுக்கு எழும்பும்போது மொனிட்டர் வெளிச்சம் போட்டுக்கொண்டு இருக்கிறது. பிள்ளைகள் தொடவில்லை என்று சத்தியம் பண்ணுகிறார்கள்.

பிள்ளைகளை விட்டுவிடுங்கள் நானா. காலையில் வேறு எதையும் தொட முதல் பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு, லாஸ்ட்வேக் என்று ஒரே சொல்லாக அடியுங்கள். கடைசியாக எழுப்பியது யார் என்று பெயர் வரும். நெட்வேர்க் கார்ட் என்றால் டிவைஸ் மனேஜரில் அதன் பவர் மனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், கொம்பியூட்டரை எழுப்ப விடும் சரியை எடுத்துவிடுங்கள். மௌஸுக்கும் அதேதான். மேசை ஆடினாலே சில மௌஸ் எழுப்பிவிடும். அப்டேட் போன்ற ஏதோவொரு டைமர் என்றால் பவர் ஒப்ஷன்ஸின் அட்வான்ஸ்ட் பகுதியில் "அலவ் வேக் டைமர்ஸ்" என்பதை டிஸேபிள் செய்யுங்கள்.

பெயர் எதுவும் வரவில்லையா? அப்படியென்றால் அன்றிரவு கரண்ட் போய் வந்ததா என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். பயோஸில் (விண்டோஸுக்கு முதல் ஓடும் அடிப்படை மென்பொருள்) "ரீஸ்டோர் ஒன் ஏசி பவர் லொஸ்" என்று ஒரு அமைப்பு இருக்கும், பெயர் கொஞ்சம் மாறலாம். அது பவர் ஒன் என்று இருந்தால் கரண்ட் திரும்பி வந்ததும் கொம்பியூட்டர் தானாக ஒன் ஆகும். விண்டோஸுக்கு இதில் சம்பந்தமே இல்லை. பவர் ஓஃப் என்று மாற்றிவிடுங்கள். மின்வெட்டு நடக்கும் ஊரில் இதுதான் முதல் சந்தேக நபர், ஆனால் யாரும் இந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

பாலையூற்று: ஹைபர்னேட்டிலிருந்து எழுப்பினால் விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழி தெரியவில்லை.

அணைக்க முதல் கப்ஸ் லொக்கை ஒரு தட்டுத் தட்டுங்கள். கீபோர்டில் லைட் மாறினால் உள்ளே எல்லாம் எழும்பிவிட்டது, படம்தான் வரவில்லை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி (B) அடித்தால் கிராபிக்ஸ் ட்ரைவர் (படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் மென்பொருள்) திரும்பத் தொடங்கும். பல தடவை படம் வந்துவிடும், திறந்திருந்த வேலையும் தப்பும். குற்றவாளி அந்த ட்ரைவர்தான். கார்ட் தயாரித்த கம்பனியின் தளத்திலிருந்தே புதியதை எடுங்கள்.

லைட் மாறவே இல்லையென்றால் மீட்கும்போதே நின்றுவிட்டது. அணைத்துத்தான் ஆக வேண்டும். பிறகு பவர்சிஎஃப்ஜியில் சாய்கோடு எச் ஓஃப், ரீஸ்டார்ட், சாய்கோடு எச் ஒன். பழைய ஹைபர்னேட் கோப்பு அழிந்து புதிதாக உருவாகும். அதற்கும் மசியாவிட்டால் ரேமைப் பாருங்கள். ஹைபர்னேட்டிலிருந்து வரும்போது ஒரே மூச்சில் பெரிய அளவு தரவு ரேமுக்குள் ஏறுவதால் மற்ற நேரத்தில் சும்மா கிடக்கும் பழுதும் அப்போது வெளியே வரும். விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக் ஓட விடுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் கேஸைத் திறந்தால் ரேமின் பொன்னிறப் பற்களில் உப்புக் காற்று மங்கலாகப் படிந்திருப்பதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து, பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

திருகோணமலை வளாக மாணவர் ஒருவர்: அண்ணா, விண்டோஸும் உபுண்டு என்ற இன்னோர் இயங்குதளமும் ஒரே லப்டொப்பில். விண்டோஸை ஷட்டவுன் பண்ணிவிட்டுத்தான் வருகிறேன். ஆனாலும் அது ஹைபர்னேட்டில் இருக்கிறது என்று சொல்லி உபுண்டு விண்டோஸ் இருக்கும் டிஸ்க் பகுதியில் எழுத விடுவதில்லை.

உபுண்டு சொல்வது உண்மை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது இயங்கும்போது நீங்கள் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையமான கெர்னல் பகுதி ஹைபர்னேட் கோப்பில்தான் போய் உட்காரும். அந்த நிலையில் வலுக்கட்டாயமாக எழுதினால் கோப்புகள் கெட்டுப்போகும், அதனால்தான் தடுக்கிறது. ஹைபர்னேட் சரியைப் போட்ட அதே பக்கத்தில் பாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் காணலாம். எடுத்துவிடு. ஒருநாள் தேவைக்கென்றால் ஷிப்டைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடு. உண்மையான ஹைபர்னேட்டில் விட்டுவிட்டு மட்டும் உபுண்டுவுக்குள் போகாதே.

"அணைத்து அணைத்துப் போட்டும் பிழை போகவில்லை" என்று வேறு சிலரும் எழுதியிருந்தீர்கள். அதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம். ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள், அதில் எல்லாம் புதிதாக ஏறும்.

தம்பலகாமம்: சி டிரைவ் நிரம்பிவிட்டது. ஹைபர்பில் என்று பல ஜீபீ கோப்பு ஒன்று கிடக்கிறது. அழிக்கலாமா?

கையால் அழிக்க வராது. ஹைபர்னேட் வேண்டாம் என்றால் எச் ஓஃப் கொடுங்கள், கோப்பு தானாகப் போய்விடும், பாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போகும். விண்டோஸ் 10இல் அந்த ஹைபர்னேட் கோப்பு வழக்கமாக ரேமின் 40 வீதம் அளவுக்கு இடம் பிடிக்கும். 8 ஜீபீ ரேமுக்கு ஏறக்குறைய 3 ஜீபீ. அந்த 3 ஜீபீக்காக ஹைபர்னேட்டை விடுவதைவிட டவுன்லோட்ஸ் போல்டரை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

அன்புவளிபுரம்: லப்டொப்பை மூடி பைக்குள் வைத்து கொழும்பு பஸ்ஸில் ஏறினேன். இறங்கும்போது பை கொதிக்கிறது, பற்றரி முடிந்துவிட்டது.

மூடியை மூடினால் ஸ்லீப் என்று இருக்கிறது, புதிய லப்டொப்புகளின் ஸ்லீப் முழுத் தூக்கமும் இல்லை, உள்ளே நெட்வேர்க் வேலை ஓடக்கூடும். மூடியை மூடினால் ஹைபர்னேட் என்று மாற்றுங்கள். பவர் பட்டனுக்கான அதே பக்கம்தான்.

மூதூர்: அடிக்கடி ஹைபர்னேட் போட்டால் எஸ்எஸ்டி தேயுமா?

தேயும், ஆனால் நீங்கள் கொம்பியூட்டரையே மாற்றும் வரை அது உங்களுக்குத் தெரியாது. ஒரு நாளைக்குச் சில ஜீபீ எழுதுவது இன்றைய எஸ்எஸ்டிக்கு ஒரு பொருட்டில்லை.

சாம்பல்தீவு: ஹைபர்னேட் போட்ட பிறகு பிளக்கைக் கழற்றி வேறு அறைக்குக் கொண்டு போகலாமா?

தாராளமாக. லைட்டெல்லாம் அணைந்து விசிறி நின்ற பிறகு கழற்றுங்கள். போகிற வழியில் ரேம் கூட்டுவது, கார்ட் மாற்றுவது மட்டும் வேண்டாம். அதற்கு ஷிப்டோடு முழு ஷட்டவுன் போட்டுவிட்டுத்தான் கேஸைத் திறக்க வேண்டும்.