‘ஸ்மோக்கின் ஏசஸ்’ என்ற ஹாலிவுட் படத்தின் முடிவில் எஃப்பிஐ அதிகாரி மெஸ்னர் ஏன் பட்டி இஸ்ரேல், ஸ்பராசா இருவரின் உயிர்காக்கும் கருவிகளையும் நிறுத்துகிறார்?

குழப்பம் முழுவதும் ஒரே சொல்லில் இருக்கிறது: இதயம். பட்டி இஸ்ரேல் லாஸ் வேகாஸ் மேடை வித்தைக்காரர். மாஃபியாவுக்கு எதிராக எஃப்பிஐயிடம் பேச ஒப்புக்கொண்டவர். மாஃபியா தலைவரான முதியவர் ஸ்பராசா, இஸ்ரேலின் இதயத்துக்குப் பத்து லட்சம் டாலர் விலை வைத்திருப்பதாக ஒட்டுக்கேட்பில் தெரியவருகிறது. எல்லோரும் அதைக் கொலை ஒப்பந்தம் என்றே நினைக்கிறார்கள். லேக் டாஹோ ஓட்டலை நோக்கிப் போட்டிக் கொலையாளிகள் படையெடுக்கிறார்கள்.

ஆனால் ஸ்பராசாவுக்கு உண்மையிலேயே மாற்று இதயம் தேவைப்படுகிறது. கொலையாளி என்று அஞ்சப்பட்ட ‘ஸ்வீடன்காரர்’ ஓர் இதய அறுவை மருத்துவர். இஸ்ரேல் ஸ்பராசாவின் மகன். இன்னும் பெரிய அதிர்ச்சி, ஸ்பராசாவே ஹெல்லர் என்ற பழைய எஃப்பிஐ அதிகாரி! மாஃபியாவுக்குள் ஊடுருவச் சென்ற அவர் கட்சி மாறிவிட்டார் என்று நம்பி, சொந்தத் துறையே அவரைச் சுட்டது. அவர் பிழைத்துக்கொண்டார்.

அந்த முதியவரிடம் பல பத்தாண்டு மாஃபியா ரகசியங்கள் இருக்கின்றன. எனவே உயரதிகாரி லாக், இஸ்ரேலுடனான பேரத்தைச் சத்தமில்லாமல் கைவிட்டு, அவருடைய இதயத்தைத் தந்தைக்குப் பொருத்த முடிவெடுக்கிறார். மெஸ்னருக்கோ இது எதுவும் சொல்லப்படவில்லை. அந்த இருட்டடிப்பில்தான் அவருடைய கூட்டாளி கரூதர்ஸ் உயிரை விட்டார்.

மருத்துவமனையில் உயிர்காக்கும் கருவிகளோடு கிடக்கும் தந்தை, மகன் இருவரின் இணைப்புகளையும் மெஸ்னர் கதவைத் தாழிட்டுப் பிடுங்குவது வெறும் பழிவாங்கல் அல்ல. யாருடைய உயிர் பயன்படும் என்று கணக்குப் போட்ட துறைக்கு, கணக்குப் போட ஒன்றுமே மிஞ்சாமல் செய்கிறார். துப்பாக்கிச் சத்தம் ஓயாத படத்தில் இந்த அமைதியான காட்சியே எனக்கு மிக வன்முறையானதாகப் படுகிறது. கொலையாளிகளான ட்ரெமர் சகோதரர்களின் அட்டகாசத்தைப் பாதியாகக் குறைத்து, ஹெல்லரின் கடந்த காலத்துக்கு இயக்குநர் ஜோ கார்னஹன் இடம் தந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.