ராக்கெட் சத்தம் காசிமேடு வரை வருமா?

ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரிகிறது. சத்தம் மட்டும் கேட்பதில்லையே, ஏன்?
- வாசகி, காசிமேடு

சீக்கிரம் கீழே இறங்கிவிடுகிறீர்கள் போல! ஏவுதளம் அங்கிருந்து சுமார் 65 கி.மீ. ஒலி ஒரு கி.மீ. கடக்க ஏறக்குறைய 3 விநாடி. கிளம்பிய சத்தம் உங்களிடம் வர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். கீச்சென்ற ஒலிகளைக் காற்று வழியிலேயே விழுங்கிவிடும். அடித்தொண்டை உறுமல்தான் மிஞ்சும். பகலில் தரை சூடாக இருந்தால் அதுவும் மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவில் ஏவும்போது, கன்டெய்னர் லாரி இரைச்சல் ஓய்ந்திருந்தால் காத்திருந்து பாருங்கள். பழவேற்காட்டில் பாதித் தூரம்தான், அங்கே வாய்ப்பு அதிகம்.

ராக்கெட் பக்கத்தில் 200 டெசிபல் என்கிறார்களே, உண்மையா?
- வியாசர்பாடி வாசகர்

சந்திரனுக்கு ஆள் அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டுக்குச் சொல்லப்படும் சுமார் 203, எஞ்சின்கள் வெளிவிட்ட மொத்த ஒலி ஆற்றலின் அளவு. காதில் விழும் அளவு வேறு. இரண்டுக்கும் அலகு டெசிபல் என்பதால் வரும் குழப்பம் இது. சத்தத்திலேயே கான்கிரீட் உருகியது என்று வாட்ஸ்அப்பில் வருவதும் கட்டுக்கதைதான்.

ஆனால் சத்தம் ராக்கெட்டையே பதம் பார்க்கும் என்பது நிஜம். தரையில் பட்டுத் திரும்பும் ஒலி, மேலே இருக்கும் செயற்கைக்கோள் வரை உலுக்கிவிடும். அதனால்தான் நாசாவின் ஷட்டில் (விண்வெளி ஓடம்) கிளம்பும்போது சத்தத்தை அடக்க ஏவுதளத்தில் 41 விநாடிக்குள் 11 லட்சம் லிட்டர் தண்ணீரைக் கொட்டினார்கள்.

2024 மெரினா சாகசத்தில் போர் விமானங்கள் ராயபுரம் வரை அலறின. பயணிகள் விமானம் அப்படி இல்லையே?
- ராயபுரம் வாசகர்

ஜெட்டின் அலறல் பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியே பிறக்கிறது, பீறிடும் வாயு சும்மா நிற்கும் காற்றில் மோதிக் கலக்கும் இடத்தில். அந்த ஒலி ஆற்றல் வாயு வேகத்தின் எட்டாம் அடுக்கில் ஏறும் என்று 1952-இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் லைட்ஹில் காட்டினார். வேகத்தைப் பாதியாக்கினால் 256-இல் ஒரு பங்குதான்! பயணிகள் விமானத்தின் பெரிய விசிறி நிறைய காற்றை மெதுவாகத் தள்ளுகிறது. போர் விமானத்துக்கு வேகம்தான் முக்கியம். வெளியேறும் வாயுவில் மறுபடி எரிபொருளை எரித்து வேகம் கூட்டும் ஆஃப்டர்பர்னரைப் போட்டால் கேட்கவே வேண்டாம்.

விமான நிலையத்தில் மகனுக்கு வேலை. காதில் பஞ்சு வைத்தால் போதுமா?
- கொருக்குப்பேட்டை வாசகி

போதவே போதாது. நுரை இயர்பிளக்கை மெல்லிசாக உருட்டி, காதை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, அது உப்பும்வரை விரலால் அழுத்தி வைக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது அதன்மேல் காதை முழுதாக மூடும் இயர்மஃப். இரண்டும் போட்டாலும் பாதுகாப்பு இரட்டிப்பாகாது, ஏறக்குறைய 5 டெசிபல்தான் கூடும். அதனால் தள்ளி நிற்பதும் முக்கியம். வீட்டுக்கு வந்தபின் காதில் ‘ஙொய்’ என்று இரைந்தால், உடனே காது மருத்துவரிடம் ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுத்துவிடுங்கள்.