டி.என். கிருஷ்ணன் விட்டுச் சென்றது என்ன?

அன்புள்ள ஐயா,

என் மகள் வயலின் கற்கிறாள். வயலின் வித்வான் டி.என். கிருஷ்ணனின் பழைய பதிவுகளைக் கேட்கும்படி அவளுடைய டீச்சர் சொல்கிறார். என் வீட்டுக்காரரோ, "அதே வயலினில் லால்குடி ஜெயராமன் வர்ணம், தில்லானா என்று உருப்படிகளை எழுதி வைத்துவிட்டுப் போனார். எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் விரல் வேகத்தில் மிரட்டினார். இவர் என்ன வைத்துவிட்டுப் போனார்? வாத்தியார் வேலைக்குப் போய்க் காலத்தை வீணாக்கினவர்" என்கிறார். உங்கள் கருத்து என்ன?

எஸ்., பெரம்பூர்

அன்புள்ள எஸ்.,

லால்குடி, எம்.எஸ்.ஜி. பற்றி உங்கள் வீட்டுக்காரர் சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை. வாத்தியார் வேலை வீண் என்பதுதான் இடிக்கிறது.

கிருஷ்ணனின் சொத்து அவருடைய வில். நீண்ட ஸ்வரக் கோவைகளில் வில் எங்கே திசை திரும்புகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள் மகளை. பெரும்பாலும் முடியாது. சாகித்யத்தில், அதாவது பாட்டின் வரிகளில், ஒரு சொல்லின் நடுவே வில் திரும்பினால் அந்தச் சொல் இரண்டாக உடையும். அவர் வாசிப்பில் அது உடையாது. அதனால்தான் பாடுகிற மாதிரி இருக்கிறது.

இது வகுப்பில் சொல்லித்தரக்கூடிய விஷயம். ஆரம்பப் பாடமான சரளி வரிசையை முதலில் ஸ்வரத்துக்கு ஒரு வில்லாக வாசிக்க வைப்பார்கள். அப்புறம் இரண்டு ஸ்வரம், நான்கு ஸ்வரம், கடைசியில் எட்டும் ஒரே வில்லில். ஆரம்பத்திலேயே தாராளமாக இழுத்துவிட்ட பிள்ளைக்கு கடைசி ஸ்வரமான மேல் ஷட்ஜத்துக்கு வில்லே மிச்சமிருக்காது. நாள்கணக்கில் இதையே செய்துதான் கை படியும். மணி அடித்து முடிகிற வகுப்பில் மனோதர்மத்தை, அதாவது சொந்தக் கற்பனையில் வாசிப்பதை, புகட்டுவது கஷ்டம்தான். ஆனால் வில்லை அளந்து செலவு செய்யச் சொல்லித்தரலாம். (வகுப்பில் இத்தனை வயலினுக்கும் சுருதி சேர்ப்பதற்குள் பாதி நேரம் போய்விடும், அது வேறு கதை.)

கிருஷ்ணன் 1928-இல் கேரளத்தின் திருப்பூணித்துறையில் பிறந்தவர். அப்பா ஏ. நாராயண ஐயரே குரு. சென்னையில் இசைக் கல்லூரியில் பேராசிரியர், பிறகு டெல்லிப் பல்கலைக்கழக இசைத் துறையில் டீன். அதே அப்பாவிடம் தொடங்கிய தங்கை என். ராஜம் இந்துஸ்தானிக்குப் போய், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஒரே வீடு, இரண்டு சங்கீதம், இரண்டு பேராசிரியர்கள்!

இந்த வேலையால் அவர் மேடை ஒன்றும் காலியாகிவிடவில்லை. அரியக்குடி, செம்பை, செம்மங்குடி என்று பெரிய பாடகர்களுக்கெல்லாம் பக்கவாத்தியம் வாசித்தவர். 1980-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது, 1992-இல் பத்ம பூஷண். 2020 நவம்பரில் சென்னையில் காலமானபோது வயது 92. கண்டிப்பான வாத்தியார் என்று நினைத்துவிட வேண்டாம். டிசம்பர் 25 அன்று மியூசிக் அகாடமி கச்சேரியில் 'ஜிங்கிள் பெல்ஸ்' வாசித்து, பட்டுப்புடவை மாமிகளைத் தாளம் போட வைத்தவர் அவர்.

நம் ஊரில் ஒரு வாத்தியாரை எடைபோட, மேடையில் எத்தனை சிஷ்யர்கள் என்று கேட்கிறார்கள். கல்லூரியில் படித்தவர்களில் பலர் பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் பாட்டு டீச்சர்களாகத்தான் போகிறார்கள். சபா நோட்டீஸில் அவர்கள் பெயர் வராது. உங்கள் மகளின் டீச்சர் யாரிடம் படித்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கிருஷ்ணனைக் கேட்கச் சொன்னாரே, காது உள்ளவர்.

குறையும் சொல்லிவிடுகிறேன். நீண்ட தனிக் கச்சேரிகளில் அந்த இனிமை சில சமயம் எனக்குத் திகட்டும். கொஞ்சம் முரட்டுத்தனம் இருந்தால் தேவலை என்று தோன்றும். பக்கவாத்தியத்தில் அந்தக் குறை இல்லை. ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையில் பாடகர் விட்ட இடத்தில் எடுத்து, சுருக்கமாகச் சொல்லி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் மகள் அரியக்குடியோடு அவர் வாசித்த பதிவு கிடைத்தால் அதிலிருந்து தொடங்கட்டும், தனிக் கச்சேரிகள் அப்புறம். வீட்டுக்காரரையும் கூட உட்கார வையுங்கள். அரியக்குடி என்றால் எழுந்து போக மாட்டார்.