புயல் வீடும் மைத்துனரின் கணக்கும்

கேள்வி: ஃப்ளோரிடாவின் டாம்பாவில் ஐ.டி. வேலை, வயது 41. பக்கத்து ஊரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஷோர் ஏக்கர்ஸ் பகுதியில், 2024 ஹெலீன் புயலில் கடல்நீர் புகுந்த ஒரு வீடு ‘ஆஸ் இஸ்’ (இருக்கிற நிலையிலேயே) விலையாக 2,30,000 டாலருக்கு வருகிறது. 60,000 போட்டுச் சரிசெய்தால் 4 லட்சத்துக்கு விற்கலாம், லாபத்தில் பாதிப் பாதி என்கிறான் என் மனைவியின் தம்பி. வேலையை அவனே கூலி இல்லாமல் செய்வானாம். என் வீட்டை ஈடாக வைத்து வாங்கும் ஹெலாக் கடன் 1,80,000, 401கே ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து கடன் 50,000, ரிப்பேருக்கு அவசரச் சேமிப்பு 60,000 என்பது திட்டம். முன்பு அவனுடைய ஃபுட் டிரக்குக்காக என் கிரெடிட் கார்டில் வாங்கியதில் இன்னும் 14,000 பாக்கி. ஒப்பந்தம் போட்டாகிவிட்டது; பரிசோதனைக் காலம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது. தொடரலாமா?

பதில்: பூஞ்சை, ஒயரிங் எல்லாம் இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொள்வார். எனக்கு உறுத்துவது அந்த 14,000. 22 சதவீத வட்டி என்றால் மாதம் 250 டாலருக்கு மேல் வட்டிக்கே போகிறது. கட்டுவது நீங்கள், டிரக் அவருடையது. இப்போதும் அதே ஏற்பாடுதான், தொகை மட்டும் இருபது மடங்கு. லாபத்தில் பாதி என்கிறார், சரி. நஷ்டத்தில் யாருக்கு எவ்வளவு என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

அவர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஹெலாக் வட்டி 8.5 சதவீதம் என்றால் மாதம் 1,275. அதோடு சொத்துவரி, காப்பீடு, மின்சாரம் சேர்த்து மாதம் மொத்தம் சுமார் 2,000. பத்து மாதத்தில் 20,000. விற்கும்போது கமிஷன், இதர செலவு 7 சதவீதம் வைத்தால் 28,000. வாங்கிய விலை, ரிப்பேர் எல்லாம் போக மிஞ்சுவது 62,000; உங்கள் பங்கு 31,000, அதுவும் வரிக்கு முன். இதற்கிடையே 401கே தவணை மாதம் ஆயிரம் சம்பளத்தில் பிடிப்பார்கள். வேலை போனால் அந்தப் பாக்கியை அடுத்த வரித் தாக்கல் கெடுவுக்குள் அடைக்க வேண்டும்; இல்லாவிட்டால் வருமான வரியோடு 10 சதவீத அபராதமும் உண்டு.

இதெல்லாம் நல்லபடியாக நடந்தால். வெள்ள அபாயப் பகுதியில் ஃபீமாவின் (அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) பாதி மதிப்பு விதி இருக்கிறது. ரிப்பேர் செலவு, நிலத்தை விட்டுவிட்டுக் கட்டடத்தின் மதிப்பில் மட்டும் பாதியைத் தொட்டால், வீட்டையே இன்றைய வெள்ள விதிக்கேற்ப உயர்த்த வேண்டும். அங்கே விலையில் பெரும்பங்கு நிலத்துக்குத்தான். கட்டட மதிப்பு 1,10,000 என்று வைத்தால் வரம்பு 55,000. உங்கள் 60,000 அப்போதே தாண்டிவிட்டது. தூக்கிக் கட்ட ஒரு லட்சம் ஆனால் 62,000 லாபம் 38,000 நஷ்டமாகிவிடும். மைத்துனர் கூலி வாங்காமல் செய்தாலும் அந்த உழைப்புக்குச் சந்தை விலை போட்டுத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். வீடு வாங்கிச் சரிசெய்து விற்கும் ‘ஃப்ளிப்பிங்’ தொழிலுக்கான வார இறுதி வகுப்புகளில் இதைச் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. நகராட்சி பெர்மிட் இல்லாமல் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த வாரமே நகராட்சி பெர்மிட் அலுவலகத்தில் அந்த முகவரிக்குச் சேத மதிப்பீட்டுக் கடிதம் போயிருக்கிறதா என்று கேளுங்கள். 2024 அக்டோபர் முதல் ஃப்ளோரிடாவில் வெள்ளக் காப்பீட்டுக் கோரிக்கை, அரசு உதவி பெற்றது பற்றி விற்பவர் எழுதித்தர வேண்டும். அந்தப் படிவத்தையும் வாங்குங்கள். பழைய உரிமையாளர் அரசு உதவி வாங்கியிருந்தால், வெள்ளக் காப்பீட்டை விடாமல் வைத்திருக்கும் கடமை உங்கள் தலையிலும் விழலாம்.

என் கருத்து, விலகிவிடுங்கள். ஃப்ளோரிடாவின் வழக்கமான ‘ஆஸ் இஸ்’ ஒப்பந்தத்தில் பரிசோதனைக் காலத்துக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம், முன்பணமும் திரும்பும். ஆனால் எழுத்தில் கொடுக்க வேண்டும். போனில் சொன்னால் போதாது. அப்புறம் சேமிப்பில் 14,000 எடுத்து அந்தக் கார்டை அடைத்துவிடுங்கள். மைத்துனருக்கு உதவ மனைவி விரும்பினால், திரும்பி வராது என்று இருவரும் ஒத்துக்கொண்ட ஒரு தொகையை, மூவாயிரமோ ஐயாயிரமோ, அன்பளிப்பாகக் கொடுங்கள். கடன் பத்திரத்தில் இனி உங்கள் கையெழுத்து வேண்டாம்.