காரைக்குடியில் மருந்து மொத்த வியாபாரம் கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகும், ஆனால் இலாபம் மெல்லியது. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளில் சில்லறைக் கடைக்கு 16 சதவீதம், மொத்த வணிகருக்கு 8 சதவீதம் என்பதே வழக்கம். அந்த எட்டுக்குள்தான் வாடகை, சம்பளம், வண்டிச் செலவு, வராத பாக்கி எல்லாம். மருந்தை மொத்தமாக விற்கத் தேவையான படிவம் 20பி, 21பி உரிமங்களும் 10 சதுர மீட்டர் இடமும் தகுதியான ஓர் ஆளும் கிடைத்துவிடும்.

கடினமானது சரக்கின் ஆயுள். கானாடுகாத்தான் கடைக்காரர் மாதம் இரண்டு அட்டை மட்டும் கேட்கும் மாத்திரையைப் பெட்டி பெட்டியாக வாங்கினால், அது உங்கள் அலமாரியிலேயே காலாவதியாகும்.

இன்சுலினில் இன்னும் கவனம் வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. சித்திரை வெயிலில் பள்ளத்தூர் பஸ்ஸில் பனிக்கட்டிப் பை இல்லாமல் அனுப்பிய குப்பி பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம், ஆனால் வீரியம் குறைந்திருக்கலாம். போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை சரியாக இறங்காமல் போகலாம். மின்தடையைத் தாங்கும் குளிர்பெட்டி வாங்கிய பிறகே இன்சுலின் எடுங்கள்.