முதல் சம்பளத்தில் பி.எஃப். வேண்டாமா?

கேள்வி: முதல் வேலை. அடிப்படைச் சம்பளம் 22,000 ரூபாய். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிக்க வேண்டாம் என்று சொல்ல முடியுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: முடியும் தம்பி. சேரும்போது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாயைத் தாண்டி, இதற்குமுன் நீங்கள் பி.எஃப். உறுப்பினராக இருந்ததில்லை என்றால், படிவம் 11-இல் எழுதிக் கொடுத்து விலகி நிற்கலாம். சேரும் நேரத்தில் மட்டும்தான். உறுப்பினரான பிறகு, வேலையில் இருந்துகொண்டே வெளியேற முடியாது.

ஆனால் எனக்கு இதில் மனசே இல்லை. என் அப்பாவின் இதய அறுவை சிகிச்சைக்குக் கைகொடுத்தது பி.எஃப். முன்பணம்தான். நீங்கள் விலகினால் நிறுவனம் போடும் பங்கும் போய்விடும், பி.எஃப். உடன் வரும் 7 லட்சம் ரூபாய் வரையான ஆயுள் காப்பீடும் போய்விடும். நிறுவனத்தின் பங்கு சம்பளத்துக்கு மேலாக வருகிறதா, பேசிய மொத்தச் சம்பளத் தொகைக்குள்ளேயே அடங்குகிறதா? கையெழுத்துப் போடுமுன் நியமனக் கடிதத்தில் அதைப் பாருங்கள்.