எடுத்துக்கொள்ளப்படுதலும் விடப்படுதலும்

மதிப்பிற்குரிய ஐயா,

2025 செப்டம்பர் 23, 24 தேதிகளில் சபை எடுத்துக்கொள்ளப்படும், அதாவது கிறிஸ்து தம் விசுவாசிகளை உயிரோடு வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்று தென்னாப்பிரிக்கர் ஒருவர் சொன்ன காணொளி என் அம்மாவின் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. அம்மா பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். தேதியை நம்ப வேண்டாம் என்று அவருடைய போதகரே சொல்லியும், அந்த இரண்டு இரவும் முழங்காலில் இருந்தார். நான் சபைக்குப் போவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த என் மனைவி, தம் வீட்டில் இப்படியொரு பேச்சையே கேட்டதில்லை என்கிறார். தொடக்கநிலை நான்கில் படிக்கும் எங்கள் மகள், “பாட்டி மட்டும் மேலே போய்விட்டால் நாம் விடப்பட்டுவிடுவோமா?” என்று கேட்டுத் தூங்க மறுத்தாள். இறைநம்பிக்கை இல்லாத என் நண்பர் ஒருவர், இது 200 ஆண்டுகளுக்கு முன் வெள்ளைக்காரர்கள் கட்டிய கதை, அதை அம்மாவிடம் சொல்லி விஷயத்தை முடித்துவிடு என்கிறார். அவர் சொல்வது உண்மையா? உண்மையானால், உங்கள் பதிலை அப்படியே அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

ஒரு வாசகர், செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி வரலாறு, மீதி அவசரம். கிறிஸ்து திரும்ப வருவார் என்ற எதிர்பார்ப்பு, ஏறத்தாழ கி.பி. 50ஐ ஒட்டி எழுதப்பட்டதாக அறிஞர்கள் கருதும் தெசலோனிக்கே ஊர்ச் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய முதல் நிருபத்திலேயே (கடிதத்திலேயே) இருக்கிறது. அந்த நிருபமோ புதிய ஏற்பாட்டு நூல்களில் காலத்தால் மிக முந்தியவற்றில் ஒன்று. ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயத்தில் உங்கள் மனைவியின் குடும்பத்தார் சொல்லக்கூடிய விசுவாச அறிக்கையிலும், மெதடிஸ்ட் சபையார் சொல்லும் அறிக்கையிலும், உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க அவர் வருவார் என்ற வரி உண்டு. ஆகவே உங்கள் மனைவி கேட்டிராதது வருகையைப் பற்றிய பேச்சை அல்ல. அந்த வருகையை இரண்டாகப் பிரிக்கும் ஒரு குறிப்பிட்ட கால அட்டவணையைத்தான்.

புதிது என்று சொல்லத்தக்கது அந்த அட்டவணை. அயர்லாந்துத் திருச்சபையில் குருவாக இருந்து பின்னர் பிரதரன் (சகோதரர்) என்ற புராட்டஸ்டண்ட் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான ஜான் நெல்சன் டார்பி, 1830களிலிருந்து அதைப் பரப்பினார். முதலில் கிறிஸ்து தம் சபையை மட்டும் இரகசியமாக எடுத்துக்கொள்வார், பின்பு ஏழு வருட மகா உபத்திரவம் என்ற பெருந்துன்பக் காலமும், கிறிஸ்துவின் எதிரியான அந்திக்கிறிஸ்துவின் ஆட்சியும் நடக்கும், அதன் முடிவில்தான் எல்லோரும் காணும்படியான வருகை என்பது அதன் சாரம். அமெரிக்காவில் 1909இல் சைரஸ் ஸ்கோஃபீல்டு வெளியிட்ட விளக்கக் குறிப்புகளுடன் கூடிய வேதாகமம் இந்தத் திட்டத்தைச் சாதாரண வாசகர்களிடம் கொண்டுசேர்த்தது. வசனமும் குறிப்பும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருந்தபோது, எது அப்போஸ்தலர் எழுதியது, எது உரையாசிரியர் எழுதியது என்பது பலருக்கு மங்கிப்போயிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் இதை வெள்ளைக்காரர்களின் கதை என்று சொல்லித் தமிழர்களாகிய நாம் தள்ளி நிற்க முடியாது. பிரதரன் முன்னோடிகளில் ஒருவரான ஆன்டனி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியாவுக்கு வந்தார். அவரோடு நெருங்கிப் பழகிய ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் கிறிஸ்டியன்பேட்டை என்ற ஊரை உருவாக்கியவர். அவரை மையமாகக் கொண்டு 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் எழுந்த எழுப்புதல் என்னும் சமய எழுச்சியில், பின்னாளில் பெந்தெகொஸ்தே சபைகளின் அடையாளமாகிவிட்ட அந்நிய பாஷை பேசுதலும் தீர்க்கதரிசனமும் காணப்பட்டன. அந்த அலை திருவிதாங்கூர் வரை சென்றது. அங்கே, பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப், 1881இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். அந்த வருடம் கடந்துபோன பிறகும் அவருடைய குழு யுயோமயம் என்ற பெயரில் தொடர்ந்தது. சிங்கப்பூரிலும் பிரதரன் சபை 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. ராபின்சன்ஸ் அங்காடியைத் தொடங்கிய பிலிப் ராபின்சன் அந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பது, அங்கே தீபாவளிக்குத் துணி எடுத்த நம் குடும்பங்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ!

இனி, மூல வசனத்துக்கு வருகிறேன். தெசலோனிக்கே சபையில் சிலர் இறந்துபோனார்கள். கிறிஸ்து வருவதற்குள் இறந்தவர்களின் கதி என்ன, அவர்கள் அந்த நாளை இழந்துவிட்டார்களா என்று உயிரோடிருந்தவர்கள் துக்கப்பட்டார்கள். அதற்குத்தான் பவுல் நான்காம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் பதில் எழுதுகிறார்: முதலில் எழுந்திருப்பவர்கள் மரித்தோரே, உயிரோடிருப்பவர்கள் அவர்களோடு சேர்ந்து மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், ஆகவே இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள். அந்தப் பத்தியில் விடப்பட்ட குழந்தை எங்கும் இல்லை. ஓட்டுநரை இழந்த பேருந்தும், காலியான படுக்கையும் இல்லை. அவையெல்லாம் பிற்காலப் பிரசங்கங்களும் நாவல்களும் திரைப்படங்களும் சேர்த்தவை. துக்க வீட்டுக்கு எழுதப்பட்ட ஆறுதல் கடிதம் ஒன்று, நல்ல நோக்கமுள்ளவர்களின் கையிலேயே, பிள்ளைகளைத் தூங்கவிடாத மிரட்டலாக மாறியதைத்தான் இந்த வரலாற்றின் மிகப் பெரிய சோகமாக நான் கருதுகிறேன்.

ஆகாயத்துக்குப் போனவர்கள் அங்கிருந்து பரலோகத்துக்குப் போய்விடுகிறார்களா, அல்லது வருகிறவரோடு பூமிக்குத் திரும்புகிறார்களா என்று பவுல் அந்த இடத்தில் விவரிக்கவில்லை. பல வேத அறிஞர்கள் இரண்டாவதையே சரியென்று கொள்கிறார்கள். ஊருக்கு வரும் அரசரை எல்லைவரை சென்று எதிர்கொண்டு நகருக்குள் அழைத்துவருவது அக்காலத்து வழக்கம். பவுல் ரோமாபுரியை நெருங்கியபோது அங்கிருந்த சகோதரர்கள் அப்பியுபுரம்வரை வந்து எதிர்கொண்டதாக அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரம் கூறுகிறது. மாப்பிள்ளை அழைப்புக்குப் போன பெண்வீட்டார் மாப்பிள்ளையோடு அவர் ஊருக்கே போய்விடுவதில்லை, மண்டபத்துக்கு அழைத்துவருகிறார்கள். மத்தேயு 24இல் வரும், ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான் என்ற வசனத்தையும் முந்தைய வசனங்களோடு வைத்துப் படித்தால் வேறொரு பொருள் கிடைக்கிறது. நோவாவின் காலத்தில் வெள்ளம் வாரிக்கொண்டுபோனது அழிந்தவர்களை. மிஞ்சியது நோவாவின் குடும்பம். அப்படிப் பார்த்தால் விடப்பட்டவர்களே பிழைத்தவர்கள் என்றாகிறது. இந்த வாசிப்பை எல்லோரும் ஏற்கவில்லை என்றாலும், எளிதில் ஒதுக்கிவிடக்கூடியதும் அல்ல.

அம்மாவின் தரப்புக்கும் வாதம் உண்டு என்பதை உங்கள் நண்பர் அறிந்திருக்க வேண்டும். ஒரு போதனை காலத்தால் பிந்தியது என்பதால் மட்டுமே தவறாகிவிடாது, புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் பேசியபோதும் புதுமை என்றுதான் குற்றஞ்சாட்டினார்கள் என்பது அவர்களுடைய பதில். தேவன் தம்முடையவர்களைக் கோபாக்கினைக்கு (தம் கோபத்தின் தண்டனைக்கு) நியமிக்கவில்லை என்று அதே நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் சொல்வதையும், சோதனைக்காலத்துக்குத் தப்பும்படி காப்பேன் என்று வெளிப்படுத்தின விசேஷம் 3:10 சொல்வதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். இவற்றிலிருந்து இரகசிய வருகைவரை செல்ல இன்னும் சில படிகளைத் தாண்ட வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அவர்கள் வெறும் கற்பனையில் நிற்கிறார்கள் என்று சொல்வது நியாயமாகாது.

உங்கள் நண்பரின் தரப்பு பொதுவாக நிற்கும் இடம் தேதிகள். 1844 அக்டோபர் 22இல் கிறிஸ்து வருவார் என்று அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் எதிர்பார்த்து ஏமாந்தார்கள் (அவர்கள் காத்திருந்தது டார்பியின் இரகசிய வருகைக்கு அல்ல என்றாலும்). சபை 1988இல் எடுத்துக்கொள்ளப்படும் என்பதற்கு 88 காரணங்கள் காட்டியவர் ஒருவர். 2011 மே 21 என்று வானொலியில் அறிவித்த ஹெரால்டு கேம்பிங், அது பொய்த்ததும் அக்டோபர் 21 என்றார். 2012இல் அப்படிக் கணித்ததே பாவம் என்று எழுதி மன்னிப்புக் கேட்டார். இந்தப் பட்டியலை நீட்டுவது சுலபம். அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்ற வசனத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் அம்மாவின் போதகரும் இதே பட்டியலை வைத்துத்தான் தேதி குறிப்பவர்களைக் கண்டித்திருப்பார். தேதிகள் பொய்த்ததைக் காட்டும்போது, ஐயவாதியும் பெரும்பாலான போதகர்களும் ஒரே கட்சியில் இருக்கிறார்கள். தீர்க்கதரிசனம் பொய்த்தால் நம்பிக்கை இன்னும் இறுகும் என்று 1956இல் லியோன் ஃபெஸ்டிங்கரும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய நூலையும் நண்பர் மேற்கோள் காட்டக்கூடும். அவர்கள் கவனித்தது பறக்கும் தட்டை எதிர்பார்த்த ஒரு சிறு குழுவை. அந்தக் குழுவுக்குள் ஆய்வாளர்களே உறுப்பினர்போல நுழைந்திருந்தார்கள். ஐயத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அந்த நூலிடமும் கொஞ்சம் ஐயத்தைக் காட்டலாம்.

ஐயவாதியிடம் இதைவிடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது. “உயிரோடிருக்கும் நாம்” என்று தம்மையும் சேர்த்துத்தான் பவுல் எழுதுகிறார். இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது என்று சுவிசேஷங்கள் சொல்கின்றன. முதல் தலைமுறை தன் வாழ்நாளிலேயே அதை எதிர்பார்த்தது, அது நடக்கவில்லை என்பதே அந்தக் கேள்வி. இயேசுவே உலக முடிவை உடனடியாக எதிர்பார்த்தார் என்று 1906இல் வாதிட்ட இறையியலாளர் ஆல்பர்ட் ஷ்வைட்சர், அந்த முடிவுக்கு வந்த பின்னரும் மருத்துவம் படித்து இன்றைய காபோன் நாட்டிலுள்ள லம்பரேனேக்குச் சென்று ஆப்பிரிக்க நோயாளிகளுக்கு ஊழியம் செய்தார். கிறிஸ்து வருகிறதாகச் சொன்ன வாக்குத்தத்தம் எங்கே என்று கேலி செய்வோரைப் புதிய ஏற்பாட்டின் பேதுரு இரண்டாம் நிருபம் குறிப்பிடுவதிலிருந்து, இந்தக் கேள்வி அக்காலத்திலேயே உறுத்தியிருப்பது தெரிகிறது. ஒரு நாள் ஆயிரம் வருஷம்போல் என்ற அதன் பதில் எனக்குப் போதவில்லை. நம்புகிறவர்களுக்குப் போதுமானதாக இருக்கலாம்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள், 20 விழுக்காட்டினர் சமயம் சாராதவர்கள். இரு தரப்பும் ஒரே சாப்பாட்டு மேசையில் அமரும் வீடுகள் இங்கே உங்களுடையதைத் தவிரவும் நிறைய இருக்கும். அந்த மேசையில் மூத்தவரை முதலில் வெல்ல வேண்டியதில்லை. சின்னவளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இத்தகைய சபைகளில் வளர்ந்த பலர், பள்ளி முடிந்து வீடு திரும்பியபோது ஒருவரையும் காணாமல், எல்லோரும் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள் என்று நடுங்கியதைப் பெரியவர்களான பிறகும் நினைவுகூர்கிறார்கள். பாட்டி உன்னை விட்டுப் போகமாட்டார் என்று நீங்கள் சொல்வதைவிட, அந்த நான்காம் அதிகாரத்தைப் பாட்டியே பேத்திக்குப் படித்துக்காட்டி, அது யாருடைய துக்கத்துக்கு எழுதப்பட்டது என்று விளக்குவது நல்லது. அம்மாவிடம் அப்படிக் கேளுங்கள். அவருடைய நம்பிக்கையை விட்டுவிடும்படி நீங்கள் கேட்கவில்லை. அதன் பயமுறுத்தும் பகுதியைப் பிள்ளைக்குச் சொல்லாதிருக்கும்படி மட்டுமே கேட்கிறீர்கள். பேத்தி தூங்கவில்லை என்று தெரிந்த பிறகு எந்தப் பாட்டியும் அதை மறுக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.

இந்தப் பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். செப்டம்பரில் அவரைக் கலங்கடித்ததும் யாரோ முன்னனுப்பிய ஒன்றுதான். ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது எதிரே உட்கார்ந்து கேளுங்கள்; டார்பியின் பெயரை எடுக்க வேண்டிய தேவையே வராமல் போகலாம்.